சிவப்பு நாற்காலியில் அம்மா

அக்கா துஷாந்தினி அறியவும்,

ஹாலிஎல மலையில் நாங்களும், எங்கள் இரத்தத்தை நம்பி வாழும் அட்டைகளும் நலம். மராக்கேஷில் நீயும் அங்குள்ள ஒட்டகங்களும் நலமாயிருக்க அம்மா முருகனிடம் சொல்லி வைத்திருக்கிறார். இதனால் சகல தேசத்தாருக்கும் அறிவிப்பது யாதெனில், நமது தோட்டத்து லயத்து வீட்டுக்குக் கைப்பிடி வைத்த சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று எழுந்தருளியிருக்கிறது. பண்டாரவளையிலிருந்து பஸ்ஸில் என் தலைமேல் பவனி வந்தது. கண்டக்டர் அதற்கும் டிக்கட் கேட்டார், அது சீட்டிலா உட்கார்ந்து வருகிறது, என் தலையில்தானே அண்ணே என்றேன். அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் அவர் ஒரு வரி சொன்னால் என் பேனா மூன்று வரி போகிறது, பொறுத்துக்கொள்.

நாற்காலி வந்ததற்குக் காரணமே நீதான். நீ வேலை செய்கிற ஹோட்டலுக்குப் பக்கத்துத் தெருவில் படம் பிடிக்கிற ஸஹ்ரா, தன் வீட்டுச் சுவர் முழுக்கப் பெண்களின் படங்களை மாட்டப் போகிறாள், அவரவர் எப்படித் தெரிய ஆசைப்படுகிறார்களோ அப்படியே, அதில் நம் அம்மாவுக்கும் ஓர் இடம் உண்டு என்று போனில் சொன்னாயே. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் அந்த ஊர்ப் பெண்களைக் குடமும் முக்காடுமாக நிறுத்திப் படமெடுத்து, மொரோக்கோ என்றால் இதுதான் என்று அஞ்சலட்டை போட்டு விற்றார்களாம், அந்தக் கோபம் ஸஹ்ராவுக்கு இன்னும் ஆறவில்லை என்றாய். இதை நான் கையை ஆட்டி ஆட்டி அம்மாவுக்கு விளக்கினால், அவர் சோற்றை வடித்துக்கொண்டே, “அங்க குடமா? இங்க கூடை” என்று முடித்துவிட்டார்.

கூடை என்றதும் போன வாரம் கொழும்பிலிருந்து வந்த கேமராக்காரரைச் சொல்லியாக வேண்டும். கழுத்தில் மூன்று கேமரா, கழுத்துக்கு மேலே காலி. இங்கே தேயிலைக் கொழுந்தெடுப்பது நைலான் பையில் என்று ஆகி எத்தனையோ காலமாயிற்று, கூடைகள் ஃபேக்டரி மூலையில் எலிக்குப் பிரசவ அறையாகக் கிடக்கின்றன. அதையெல்லாம் தட்டிக் கொண்டுவரச் சொல்லி, பெண்கள் தலையில் மாட்டி, சிரிங்க சிரிங்க என்று நடனமாடினார் மனிதர். நம் ஆட்கள் லேசுப்பட்டவர்களா? நல்ல கொழுந்தை இவருக்காக ஏன் கிள்ள வேண்டுமென்று, கொழுந்து நிறுக்கிற கணக்கப்பிள்ளை கண்டால் வீசியெறிகிற முற்றின இலையைக் கிள்ளிக் காட்டினார்கள். அவர் அதைக் கிட்டப் போய்க் கிட்டப் போய்ப் பிடித்து, ஆகா இதுதான் அசல் மலையகம் என்றார். பக்கத்து வீட்டுப் பெரியாயி அத்தை என் காதில், “கொண்டு போகட்டும்டா, குடிச்சாத்தானே தெரியும்” என்றார். கேமராக்காரர் நம் அம்மாவிடமும் கூடையை நீட்டினார். “ஒங்க வீட்டம்மா தலையில மாட்டி எடுங்க சார், புதுசா இருக்கும்” என்று சொல்லிவிட்டு அம்மா அடுத்த நிரைக்கு நடந்துவிட்டார்.

ஸஹ்ராவின் சுவருக்கு மட்டும் அம்மா மறுக்கவில்லை, ஆனால் நிபந்தனை போட்டார். “நான் இருக்கிற படம் எல்லாத்துலயும் நின்னுக்கிட்டே இருக்கேன்டா. இதுல உக்காரணும். கையில ஒண்ணும் இருக்கக் கூடாது.” அதற்குத்தான் நாற்காலி. பண்டாரவளை ஸ்டூடியோக்காரரிடம் போகலாமா என்று அம்மா கேட்டார், அந்த மனிதர் கறுப்பான முகத்தையெல்லாம் பால்மாவில் முக்கியெடுக்கிற ஆள், அவரை நம்பினால் மராக்கேஷ் சுவரில் யாரோ ஒரு வெள்ளைக்காரிதான் தொங்குவாள் என்று தடுத்துவிட்டேன். கேமராக்காரனும் வேண்டாம், ஸ்டூடியோக்காரனும் வேண்டாம், ஊவா மாகாணத்தின் ஒப்பற்ற கலைஞன் உள்வீட்டிலேயே இருக்கிறான் என்று போனைத் தூக்கினேன். படம் கடிதத்தோடு இருக்கிறது. லீவு முடிந்து உன் ஹோட்டலுக்கே திரும்புகிற றமீலா அக்கா கொண்டு வருவார். சுவரில் படத்தின் கீழே ‘எடுத்தவர்: கிரிஷாந்தன்’ என்று கொட்டை எழுத்தில் போடச் சொல்.

அம்மா சொன்னவை: குளிர் காலத்தில் தலையை நனைத்துக்கொண்டு திரியாதே, ஹோட்டலில் மிஞ்சினதைத் தின்று வயிற்றைக் கெடுக்காதே, ஸஹ்ராவை ஒரு நாள் கூப்பிட்டு நம் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் செய்து கொடு. உனக்கு ஒரு குறையும் வராது, மாரியம்மன் துணையிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் எடு.

இதுவரை எழுதியதை வாசித்துக் காட்டினேன். அம்மா எல்லாவற்றுக்கும் சிரித்தார், கொட்டை எழுத்துக்கு மட்டும் சிரிக்கவில்லை. “உள்ளத எழுதுடா” என்றார். எழுதுகிறேன். முதலில் நான் எடுக்கப் போனது உண்மைதான். ஆனால் அம்மா உட்கார்ந்ததும், பின்னால் தேயிலை தெரியட்டும் என்று நாற்காலியைத் திருப்பினேன். கழுத்தைச் சாய்க்கச் சொன்னேன், சிரிக்கச் சொன்னேன், கை வெறுமையாயிருக்கிறதே என்று கடைசியில் கொழுந்துப் பையையும் எடுத்து மடியில் வைத்தேன். அம்மா பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அந்தாளுக்குக் கழுத்துல மூணு, ஒனக்குக் கையில ஒண்ணு, அவ்வளவுதான் வித்தியாசம்” என்று போனைப் பிடுங்கி, கையை நீட்டித் தன்னைத் தானே எடுத்துக்கொண்டார். உன் கையிலிருக்கிற படத்தில் நெற்றி பாதிதான் இருக்கும், தோளுக்கு மேல் நாற்காலியின் சிவப்பு ஒரு கீற்று, ஓரத்தில் நீட்டிய கை. அச்சடித்தது அதே ஸ்டூடியோவில்தான், வெளுக்காதீங்க அண்ணே என்று நான் கும்பிட்டதும் உண்மை. ஆகையால் என் பெயரை அடித்துவிட்டு, ‘எடுத்தவர்: பாக்கியலெட்சுமி’ என்று போடச் சொல். எழுத்து எவ்வளவு கொட்டையாக வேண்டுமானாலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஆசீர்வாதத்துடன் அம்மா பாக்கியலெட்சுமி,
தலை குனிந்தபடி எழுதிய தம்பி கிரிஷாந்தன்