நான்காம் வார்டின் கண்டனத் தாள்

ஜான்ஸ்டவுன், பென்சில்வேனியா
மார்ச் 6, 2023

அன்புள்ள கிளோவிஸ்,

நீ போட்டுக் கொடுத்த மனுவின்பேரில் என் தோளுக்கான மருத்துவப் பரிசோதனை வெள்ளிக்கிழமை முடிந்தது. மிக நன்றாக நடந்தது. தொலைபேசியில் சொல்லியிருப்பேன், ஆனால் பாதியை என் காது விழுங்கிவிடுகிறது, மீதியை நீ முணுமுணுத்துவிடுகிறாய். நமக்குக் கடிதமே சரி.

பத்து நிமிடம் முன்னதாகவே போய்விட்டேன். நீல உடை, முத்துத் தோடு. கைத்தடியைக் காரிலேயே வைத்துவிட்டேன். பரிசோதித்த பெண்ணுக்கு முப்பது வயது இருந்தால் அதிகம். "எப்படி இருக்கீங்கம்மா?" என்றாள். "ரொம்ப நல்லா இருக்கேன், நன்றி" என்றேன். வலது கையை உயர்த்தச் சொன்னாள். முகம் சுளிக்காமல் காதைத் தொடும்வரை உயர்த்தினேன். மூன்று நாளாக அந்தக் கையால் முள்கரண்டி பிடிக்க முடியவில்லை. அது வேறு விஷயம். ரத்த அழுத்தப் பட்டையைத் தவறாகச் சுற்றியிருந்தாள். திருத்தினேன்.

வியட்நாம் போரில் நான் செவிலியாக இருந்த வார்டில் வேலை பார்த்த பையன்களில் ஒரு கிறிஸ்துமஸ்கூடத் தவறாமல் வாழ்த்து அனுப்பியவன் நீ ஒருவன்தான். இப்போது எழுபத்து நாலு வயதில், முன்னாள் படைவீரர் அலுவலகத்தில் சம்பளமில்லாமல் உட்கார்ந்து என் போன்றவர்களின் தாள்களை நிரப்புகிறாய். கடவுள் உன்னைக் காப்பார். இந்த மனு தேறினால் காலையில் உதவிக்கு ஓர் ஆள் வரும். குளியலறையில் பிடிகம்பி போடுவார்கள். தேறாவிட்டால், அக்டோபரில் இந்த வீட்டை விற்றுவிட்டு மகள் ரெனாட்டாவோடு அரிசோனாவுக்குப் போவதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் கசிமிர் தன் கையால் கட்டிய வீடு. தேறும் என்றே நினைக்கிறேன்.

நன்றியுடன்,
திருமதி பெர்னடின் வொய்னார்


ஈரி, பென்சில்வேனியா
மார்ச் 13, 2023

மதிப்பிற்குரிய லெப்டினன்ட் அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் உரக்கப் படித்தேன். பக்கத்து மேசையிலிருக்கும் கடற்படைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். "உன் லெப்டினன்ட் நூத்துக்கு நூறு வாங்கிட்டாங்கப்பா. போச்சு!" என்றார்.

அம்மா, அது தேறிக் காட்டவேண்டிய தேர்வு அல்ல. வலி தொடங்கும் இடத்தில் கை நிற்க வேண்டும்; அங்கேதான் அளவெடுப்பார்கள். நீங்கள் வலியைத் தாண்டி மேலே போய்விட்டீர்கள். தவறு என்னுடையது. வருகிற ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லித்தான் அனுப்புகிறேன். உங்களிடம் மட்டும் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்லிக்கொடுத்துப் பழக்கமில்லாத வாய் இது.

பதில் வரட்டும். ஏரிக்கரையில் இன்னும் பனி உருகவில்லை. படியில் பார்த்து இறங்குங்கள்.

பணிவுடன்,
கிளோவிஸ் டேட்டம்


ஜான்ஸ்டவுன்
மே 22, 2023

அன்புள்ள கிளோவிஸ்,

பதில் வந்துவிட்டது. மறுத்துவிட்டார்கள். ஒன்று: வலது தோளின் அசைவு முழுமை, வலி காணப்படவில்லை. இரண்டு: பணிக்காலத்தில் காயம் பட்டதற்குப் பதிவு இல்லை.

இரண்டும் உண்மைதான். முதலாவதை நானே செய்து காட்டினேன். இரண்டாவதும் என் வேலையே. அந்த வார்டில் ஒரு பையனின் கொப்புளம்கூட என் பதிவேட்டில் ஏறாமல் போனதில்லை. என் தோளை மட்டும் எழுதவில்லை. முப்பத்தொரு பேர் படுக்கையில் கிடந்தார்கள். செவிலியின் தோளுக்கு அங்கே வரிசையில் இடமில்லை.

கன்னியர் பள்ளியில் சிஸ்டர் அடல்பெர்ட்டா சொல்வார்: "வலிக்குதா? வாயைத் திறக்காதே. ஆண்டவருக்கு ஒப்புக்கொடு." ஐம்பத்து மூன்று வருடம் ஒப்புக்கொடுத்துவிட்டு, இப்போது ஓர் அலுவலகத்தின் முன்னால் நின்று முனக எனக்கு வராது. இதோடு விட்டுவிடு. ரெனாட்டா அட்டைப்பெட்டிகள் வாங்கச் சொல்லிவிட்டாள்.

நீ பட்ட சிரமத்துக்கு நன்றி.

பெர்னடின் வொய்னார்


ஈரி
மே 30, 2023

லெப்டினன்ட் அம்மாவுக்கு,

விட மாட்டேன். உங்கள் உத்தரவை மீறுவது எனக்கு முதல் தடவை இல்லை.

நான் வார்டில் சேர்ந்த முதல் வாரம், ஒரு பையனைப் பற்றி "நல்லா இருக்கான் அம்மா" என்றேன். எல்லோர் முன்னாலும் பிடித்துக்கொண்டீர்கள். "நல்லா இருக்கான்னா என்னய்யா அர்த்தம்? எங்க வலிக்குது? எப்ப ஆரம்பிச்சுது? எதைச் செஞ்சா அதிகமாகுது? அடுத்து வர்றவ உன் மூஞ்சியைப் பாத்தா மருந்து குடுப்பா? எழுது!"

பரிசோதனை அறையிலும் அதே கேள்விகள்தான் அம்மா. அதற்குப் பதில் சொல்வது முனகல் இல்லை. உங்களையே ஒரு நோயாளியாக வைத்துத் தினமும் குறிப்பெழுதுங்கள். கூட்ட வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நல்ல நாளை எழுதுவதுபோல மோசமான நாளையும் எழுதுங்கள். பரிசோதனைக்கு வீட்டில் உடுத்துவதையே உடுத்திப் போங்கள். கைத்தடி காரில் உட்கார்ந்திருக்க வேண்டாம், உங்களோடு வரட்டும்.

பதிவு இல்லை என்கிறார்களே, அதற்கு நான் கண்ணால் கண்டதை எழுதிக் கையெழுத்திட்டு வைத்திருக்கிறேன். ஆனால் ஐம்பது வருடம் கழித்து நண்பன் எழுதுவதைவிட, அப்போதே எழுதிய தாளுக்கு எடை அதிகம். அப்படி ஒன்று என்னிடம் இருக்கிறது. காட்டத் தயங்கியே இத்தனை நாள் ஓட்டினேன். அசலை இதோடு வைத்திருக்கிறேன். புதுச் சான்று இருந்தால் மறுபடி மனுப் போடலாம், மறுபடி பரிசோதிப்பார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கிளோவிஸ்


ஜான்ஸ்டவுன்
ஜூன் 5, 2023

கிளோவிஸ்,

உறையைப் பிரித்ததும் என் கையெழுத்தை நானே கண்டேன்.

"ஏப்ரல் 17, 1970, மாலை 5.40. ராக்கெட் தாக்குதலின்போது உதவியாளர் டேட்டம் உத்தரவின்றி மருந்துக் கிடங்கு வாசலை விட்டு நான்காம் வார்டுக்கு வந்து, பணிச் செவிலியின் வலது தோள்மேல் சாய்ந்த சலைன் அலமாரியைத் தூக்கினார். கிடங்கு பதினோரு நிமிடம் காவலின்றி இருந்தது. கண்டிக்கப்படுகிறார்."

சூப்புத் தட்டுகள் சுவரில் மோதிய சத்தம் இன்றும் கேட்கிறது. முறிந்த காலை எடைக்கயிற்றில் இழுத்துக் கட்டியிருந்த பையன்மேல் நான் கவிழ்ந்து கிடந்தேன். உன் பூட்ஸைத்தான் முதலில் பார்த்தேன். மறுநாள் காலை உட்கார்ந்து இதை எழுதியிருக்கிறேன். கிடங்கில் மார்ஃபின் இருந்தது. விதிப்படி எழுதியது சரிதான். விதியைத் தவிர வேறெதன்படியும் சரியில்லை.

இதனால் உன் பதவி உயர்வு எவ்வளவு தள்ளிப்போனது? உண்மையைச் சொல்.

உனக்கு நான் செய்ததைக் காட்டி எனக்கு நியாயம் கேட்க மாட்டேன். வீடு போனால் போகட்டும். அடுத்த வாரம் தாளைத் திருப்பி அனுப்புகிறேன்.

பெர்னடின் வொய்னார்


ஈரி
ஜூன் 12, 2023

அம்மா,

ஏழு மாதம். அப்போது கோபம்தான். உங்கள்மேல் நாங்கள் கட்டிய பாட்டைக் கர்த்தர் மன்னிக்கட்டும்.

ஊர் திரும்பியபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. என் தாய் மட்டும் "அங்க என்னடா செஞ்சே?" என்று கேட்டாள். எனக்குச் சொல்ல வரவில்லை. அந்தத் தாளை எடுத்து நீட்டினேன். இரண்டு முறை படித்தாள்.

"நீ தூக்கிவிட்டவளும் உன்னைத் திட்டி எழுதினவளும் ஒருத்தியா?"

"ஆமாம்மா."

"நெஞ்சழுத்தக்காரி. ஆனா எதையும் மறைக்கலடா. எல்லாத்தையும் எழுதியிருக்கா."

தன் பைபிளுக்குள் வைத்தாள். அவள் போன பிறகும் அங்கேயே இருந்தது.

எனக்கு யாரும் பதக்கம் தரவில்லை, அம்மா. நான் ஓடிவந்தேன், தூக்கினேன் என்று எழுதிவைத்தவர் நீங்கள் ஒருவர்தான். வேறு யாராவது என்றால் அலமாரியை விட்டுவிட்டு என் குற்றத்தை மட்டும் எழுதியிருப்பார்கள். அந்தத் தாளுக்காக உங்களுக்கு நான் நன்றிதான் சொல்ல வேண்டும். திருப்பி அனுப்பாதீர்கள். இந்த வயதில் இன்னொரு அலமாரியைத் தூக்க என்னால் ஆகாது. எனக்குப் பதிலாக அந்தத் தாளாவது போகட்டும்.

கிளோவிஸ்


ஜான்ஸ்டவுன்
செப்டம்பர் 18, 2023

அன்புள்ள கிளோவிஸ்,

நீ சொன்னபடி தாளோடு மனுப் போட்டேன், பரிசோதனைக்கும் போய்வந்தேன். முதலில் குறிப்பேட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். "நோயாளி, பெண், 77. தலை சீவ இடது கை. முதுகுப் பொத்தான் போட முடியாது. மேல் தட்டுச் சாமான் எட்டாது. ஈர நாட்களில் வலது பக்கம் படுக்க முடியாது." இப்படியே மூன்று மாதம் எழுதினேன். எழுதும்போதுதான் ஒன்று விளங்கியது. மேல் தட்டிலிருந்ததையெல்லாம் கசிமிர் கீழே இறக்கி வைத்திருந்தார். என் பொத்தான்களை அவர் போட்டுவிடுவார். காரின் கதவை அவரே சாத்துவார். மரியாதை தெரிந்த மனிதர் என்று நாற்பத்தாறு வருடம் நினைத்திருந்தேன். அவர் என் தோளைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்! ஒரு வார்த்தை சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. கல்லறைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

இம்முறை பரிசோதித்தவர் நரைத்த தாடிக்காரர். "எப்படி இருக்கீங்க?" என்றார். வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டேன். பிறகு, "காலைல பால் குவளையைக் கீழே போட்டுட்டேன்" என்றேன்.

கையை உயர்த்தச் சொன்னார். தோள்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்தினேன்.

"இங்கதான் வலி ஆரம்பிக்குது."

"இன்னும் மேல போகுமா?"

"போகும். ஆனா போகக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு."

சிரித்துவிட்டு அங்கேயே அளவெடுத்து எழுதிக்கொண்டார். பாதியில் நிறுத்திப் பழக்கமில்லாதவள் நான். கண்ணில் நீர் வந்தது. துடைக்கவில்லை.

பிறகு உன் தாளை எடுத்துப் படித்தார். "இதை எழுதின அம்மா யாரு? பயங்கரக் கறாரா இருக்காங்களே!"

"நான்தான்."

மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "தூக்கிவிட்ட பையனையேவா?"

"அவனையேதான்."

"இப்ப எங்க இருக்கான்?"

"ஈரியில. கைத்தடியை மறக்காம எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லி என்னை அனுப்பினதே அவன்தான்."

அவர் தாளை என் கோப்பில் வைத்தார். தேறுமா என்று தெரியாது. வீடு விற்பதை முடிவு வரும்வரை நிறுத்திவைக்க ரெனாட்டா ஒத்துக்கொண்டாள். எப்படியானாலும் நான் பொய் சொல்லவில்லை, கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

அன்புடன்,
பெர்னடின்


ஜான்ஸ்டவுன்
நவம்பர் 3, 2023

அன்புள்ள கிளோவிஸ்,

தேறிவிட்டது. தோள் காயம் பணியில் பட்டதே என்று ஏற்றுக்கொண்டார்கள். காரணம் சொல்லும் பத்தியில் உன் பெயரும், அலமாரியும், பதினோரு நிமிடமும் அப்படியே இருக்கின்றன. குளியலறையில் பிடிகம்பி போட்டாயிற்று. வாரம் மூன்று காலை உதவிக்கு ஒரு பெண் வருகிறாள். தட்டுகளைத் தாறுமாறாக அடுக்குகிறாள், கற்றுக்கொள்வாள். ரெனாட்டா அட்டைப்பெட்டிகளைத் தேவாலயத்துக்குக் கொடுத்துவிட்டாள். நான் என் சமையலறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எத்தனை முறை நன்றி சொன்னாலும் போதாது. நீயும் ஒரு நாள் புறப்பட்டு வா. இங்கே வெள்ளிக்கிழமை மீன் வறுவல் உங்கள் ஏரிக்கரையில் கிடைப்பதைவிட நன்றாக இருக்கும்.

அலுவலகத்துக்கு நகல் போதும் என்றார்கள். அசலை இதோடு அனுப்புகிறேன். அந்தக் கண்டனத்தை ரத்து செய்யச் சொல்லி எழுதத்தான் முதலில் நினைத்தேன். உன் தாய் பைபிளில் வைத்த தாளில் ஓர் எழுத்தையும் அடிக்க எனக்கு உரிமையில்லை. எழுதியதை அடிக்கக் கூடாது என்று உங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவளே நான்தானே. ஆனால் விட்டுப்போனதை, எழுதும் நாளின் தேதியிட்டுக் கீழே சேர்க்கலாம். அது விதி. சேர்த்திருக்கிறேன். உன் கண்ணாடியின் லட்சணம் எனக்குத் தெரியும். எனவே இங்கேயும் பெரிய எழுத்தில் எழுதுகிறேன்:

"தாமதப் பதிவு. நவம்பர் 3, 2023, காலை 10.15. மேற்கண்ட நிகழ்வு குறித்து. அலமாரி தூக்கப்பட்டதால் பணிச் செவிலி பிழைத்தாள். அவளுக்கு அடியில் இருந்த நோயாளியும் பிழைத்தான். உதவியாளர் டேட்டம் தன் சட்டையைக் கிழித்து அவள் கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டினார். அதை எழுத வேண்டாம் என்று அவள் உத்தரவிட்டதால் எழுதப்படவில்லை. அவள் அவருக்கு நன்றி சொல்லவில்லை. இப்போது சொல்கிறாள்."

பெர்னடின் வொய்னார், செவிலி
நான்காம் வார்டு