மடிப்பு வெளுத்த கோடி

இன்று காலை கடையின் கீழ்த்தட்டை ஒழித்தேன். பூச்சி உருண்டை வாசம் குப்பென்று ஏறியது. தும்மல் வருவதற்கு முன்னால் நீ நினைவுக்கு வந்துவிட்டாய். அந்த வாசம் உனக்கு ஆகாது. "அக்கா, அந்தத் தட்டுல இருக்கறத எனக்குக் காட்டாதீங்க. மூணு தீபாவளி பாத்த சேலையெல்லாம் அங்கதான் படுத்திருக்கு" என்று கடை நடுவில் நின்று சத்தமாகச் சொல்வாய். சேலை பார்த்துக்கொண்டிருக்கிற மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்குக் கோபமும் வரும், சிரிப்பும் வரும்.

அந்தத் தட்டில் இருந்த ஒரு சேலையைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். உன் மகளிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. உன்னிடமாவது சொல்லிவிடுகிறேன்.

நீ முதன்முதலாகக் கடைக்கு வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்திலிருந்து பிள்ளைக்காம்பராவுக்குத் தொட்டில் துணி எடுக்க வந்தாய். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் ஆயம்மா வேலை அப்போதுதான் உனக்குக் கிடைத்திருந்தது. நான் துணியை மடிப்போடு நீட்டினேன். நீ கையில் வாங்கவே இல்லை. "மடிப்ப விரிச்சுக் காட்டுங்க" என்றாய். விரித்ததும் வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்து, மடிப்பு விழுந்த கோட்டில் விரலை ஓட்டிப் பார்த்தாய். "தொட்டில் துணிக்கு இவ்வளவு பார்வையா?" என்று கேட்டேன். "கிழிஞ்சு பிள்ளை விழுந்தா நீங்களா வந்து தூக்குவீங்க?" என்றாய். அன்றைக்கே உன்னை எனக்குப் பிடித்துப்போயிற்று. அதற்குப் பிறகு இருபது வருஷம், நீ பதுளைக்கு வந்தால் என் கடையில் ஒரு தேத்தண்ணி குடிக்காமல் பஸ் ஏறியதில்லை.

போனில் சாவுச் செய்தி சொல்லும் குழுவைத் தொடங்கச் சொன்னதும் நீதான். உன் சித்தப்பா இறந்தபோது கொழும்பில் கடையில் நின்ற அவர் மகனுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. யாரோ சொல்லியிருப்பார்கள் என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். அடக்கம் முடிந்த மறுநாள் அவன் வழக்கம்போல் போன் எடுத்து, "அப்பா சாப்பிட்டாரா?" என்று கேட்டான். பதில் சொன்னவள் நீ. அதை என்னிடம் சொல்லும்போது அழுதாய். "முந்தியெல்லாம் கேதம் சொல்ல ஒரு ஆளு தோட்டந் தோட்டமா நடந்து போவாருக்கா. இப்ப எல்லாரு கையிலயும் போனு இருக்கு, சொல்லத்தான் ஆளில்ல."

அன்றே என் போனில் 'கேதச் செய்தி' என்று ஒரு குழுவைத் தொடங்கிவிட்டோம். நிர்வாகி நான், எழுதுகிறவள் நீ. வெறும் படத்தைப் போட்டு ஆழ்ந்த அனுதாபம் என்று எழுதிவிட்டுப் போகிற ஆளா நீ? எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எத்தனையாம் லயத்து வீடு, யாருடைய மகள், யாருக்குச் சம்பந்தி, எத்தனை மணிக்குத் தூக்குகிறார்கள், எந்த பஸ்ஸில் வந்து எந்தக் கோயிலடியில் இறங்க வேண்டும், எல்லாம் இருக்கும். போடுவதற்கு முன்னால் இறந்த வீட்டுக்கு ஒரு போன் போடுவாய். "நெருங்குன சொந்தத்துக்குச் சொல்லியாச்சா? மொதல்ல வாயால சொல்லுங்க, அப்பறம் நான் போடுறேன்." கட்டாரிலும் மாலைதீவிலும் வேலை செய்கிற பிள்ளைகள்கூட உன் எழுத்தைப் பார்த்துத்தான் ஊர்ச் சாவை அறிந்தார்கள். வெலிமடையில் மரக்கறி லொறி ஓட்டுகிறவர்கள் வழியில் நிறுத்திப் படித்தார்கள்.

எனக்கும் அது உதவியது. கோடி எடுக்க வருகிறவர்களிடம் யாருக்கு என்று கேட்கக் கூடாது என்பது அப்பா காலத்துக் கடை வழக்கம். இறந்தவர் மேல் போர்த்துகிற புதுத்துணியைக் கொடுத்தோமா, தலையை ஆட்டி அனுப்பினோமா, அவ்வளவுதான். குழு வந்த பிறகு கேட்காமலே தெரிந்தது. ஆளுக்குத் தகுந்த துணியை எடுத்து வைத்தேன்.

பிறகுதான் குழு ஓடிய செயலிக்காரர்களின் அறிவிப்பு வந்தது. பெரிய குழுக்கள், படிக்கிறவர்கள் மாதாமாதம் கார்டில் காசு கட்டுகிற சந்தாக் குழுவாக மாறலாம், மாறாவிட்டால் பதிவுகள் எல்லோருக்கும் உடனே போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். நான் உன்னைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாய் என்று தெரியும். தினமும் பூப்படம் போட்டுக் காலை வணக்கம் சொல்கிறவர்களின் தொல்லை ஒழியும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உள்ளதைச் சொல்கிறேன், சந்தாக் குழு நிர்வாகியின் பெயருக்குப் பக்கத்தில் ஓர் அடையாளம் தருவதாகச் சொன்னார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. பட்டனை அமுக்கிவிட்டுத்தான் உனக்குச் சொன்னேன்.

நீ கத்தவில்லை. "அக்கா, தோட்டத்து ஆளுங்ககிட்ட காசு இல்லாம இல்ல. பேங்க் கார்டுதான் இல்ல. கார்டு இல்லாதவன் வீட்டுச் சாவு கார்டு உள்ளவனுக்கு மட்டும் தெரிஞ்சா போதுமா?" என்றாய். "கொஞ்ச நாள் போனால் பழகிவிடும்" என்றேன்.

யாரும் பழகவில்லை. இருந்த இடம் தெரியாமல் இருந்தவர்கள் எல்லாம் கொதித்துப்போனார்கள். "எழவு சொல்லவும் ரீசார்ஜ் போடணுமா?" என்று ஒருவர் கேட்டார். ஒருவர் சந்தா கட்டி, வருகிற செய்தியைப் படம் பிடித்து ஊருக்கே அனுப்பினார். அவரைக் குழுவிலிருந்து தூக்கினேன். மறுநாள் அதே வேலையை நாலு பேர் செய்தார்கள். எனக்கு வீம்பு ஏறிக்கொண்டே போனது.

அப்போதுதான் அந்த அறிவித்தல் சுற்றத் தொடங்கியது. "பதுளை கடைவீதியைப் பிறப்பிடமாகக் கொண்ட நமது குரூப் நேற்று மாலை இறைவனடி சேர்ந்தது. அன்னார் ஆயிரக்கணக்கானோரின் அன்பு உறவு ஆவார். பூதவுடல் கார்டு உள்ளவர்களின் பார்வைக்கு மட்டும் வைக்கப்படும். மற்றவர்கள் கோயிலடியில் இறங்கி அப்படியே திரும்பிப் போகவும்." ஊரே சிரித்தது. என் கடைப் பையன்களும் மறைவில் சிரித்தார்கள். அந்தக் கோயிலடியைப் பார்த்ததும் இது உன் கை என்று முடிவு கட்டிவிட்டேன். உனக்குப் போன் செய்து வாய்க்கு வந்தபடி பேசினேன். "பிள்ளைக்காம்பராவில் இருக்கிறவளைக் கூடவே வைத்துக்கொண்டேன் பார், என்னைச் சொல்ல வேண்டும்" என்றுகூடச் சொன்னேன். அந்த வார்த்தை இன்னும் என் வாயில் கசக்கிறது.

நீ, "சாவுல வெளயாடுற ஆளாக்கா நானு?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாய்.

அந்த வாரமே வேறொரு செயலியில் இலவசமாக ஒரு குழுவைத் தொடங்கினாய். எல்லோரும் அங்கே போய்விட்டார்கள். எனக்கும் அழைப்பு அனுப்பியிருந்தாய். நான் திறக்கவில்லை. ஏழு மாதம் அது என் போனில் அப்படியே கிடந்தது. என் குழுவில் நானும், விலக மறந்த சிலரும், ஓர் அடையாளமும் மிச்சம்.

ஒருநாள் வெலிமடை லொறிக்காரர் ஒருவர் சாரம் எடுக்க வந்தார். "அந்தக் குரூப் செத்த நோட்டீஸ் நான் எழுதினதுதாங்க, கோவிச்சுக்காதீங்க" என்று அவராகவே சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். அன்றே உன்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும். புதுச் சரக்கு வருகிற சமயம், வந்து முடியட்டும், நேரிலேயே போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். அதற்குப் பிறகு நீ மூன்று வாரம்தான் இருந்தாய்.

ஒரு ஞாயிறு காலை இரண்டு பெண்கள் வந்தார்கள். வெலிமடை பஸ்ஸில் வந்து இறங்கி, அடுத்த பஸ் பிடிக்கிற அவசரத்தில் இருந்தார்கள். "தாய்வீட்டுக் கோடிங்க. சுமங்கலி. செவப்புல நல்லதா பாத்துக் குடுங்க" என்றார் மூத்தவர். நான் யாருக்கு என்று கேட்கவில்லை. மண்ணுக்குள் போகிற சேலைதானே என்று கீழ்த்தட்டிலிருந்து ஒரு அரக்குச் சிவப்பை உருவினேன். மடிப்பில் வெளுத்திருந்தது எனக்குத் தெரியும். வெளுப்புத் தெரியாதபடி மடிப்போடேயே தாளில் சுற்றிக் கொடுத்தேன். அழுது வீங்கிய கண்ணோடு நின்றவர்கள் விரித்தா பார்ப்பார்கள்? பழைய சரக்கு ஒன்று கழிந்தது என்று நினைத்துக்கொண்டேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன்.

ஐந்து நாள் கழித்து உன் மகள் போன் செய்தாள். "பெரியம்மா, நீங்க ஏன் வரல?" எதற்கு என்று கேட்டேன். அவள் விம்மி விம்மிச் சொன்னாள். சனிக்கிழமை பிள்ளைக்காம்பராவில் தொட்டிலை அவிழ்த்துக்கொண்டிருந்த நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம், அவ்வளவுதானாம். "குரூப்புல போட்டேனே பெரியம்மா. நீங்களும் அம்மாவும் நடத்துற குரூப்தானே, மொதல்ல பாக்கறது நீங்களாத்தான் இருக்கும்னு தனியா கூப்புடல. அம்மா இருந்திருந்தா வாயால சொல்லச் சொல்லியிருப்பாங்க. எனக்குத் தோணலியே."

அவளுக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. நான் உன்னைப் பேசிய பேச்சு, நான் அந்தக் குழுவில் இல்லாதது, எதையும் நீ வீட்டில் சொல்லியிருக்கவில்லை. என் மானத்தைக் காப்பாற்றி வைத்திருந்தாய். அதனால்தான் உன் சாவு எனக்குத் தெரியாமல் போயிற்று.

அன்றே ஸ்பிரிங்வெளிக்கு வந்தேன். கோயிலடியில் இறங்கி, நீ எழுதுகிற வழியிலேயே லயத்துக்கு ஏறினேன். உன் படத்துக்குப் பக்கத்தில், ஞாயிறு காலை கோடி எடுக்க வந்த அந்த மூத்த பெண் உட்கார்ந்திருந்தார். உன் அண்ணன் மனைவியாம். இருபது வருஷத்தில் ஒருமுறைகூட நான் பார்த்திராத உன் அண்ணி. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். "உங்க கடையிலதாங்க கோடி எடுத்தோம்" என்று உன் மகளிடமும் சொன்னார். என் முகத்தைப் பார்த்து என்ன புரிந்துகொண்டாரோ, குரலைத் தாழ்த்தினார். "நல்ல சேலதாங்க. மடிப்பு மட்டும் லேசா வெளுத்திருந்துச்சு. உள்பக்கமா மடிச்சுப் போத்திட்டோம், யாரும் பாக்கல."

நான் அங்கே எப்படி அழுதேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிநேகிதிக்காக அழுகிறேன் என்று எல்லோரும் தேற்றினார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் உன் அழைப்பைத் திறந்தேன். உறுப்பினராக அல்ல, நிர்வாகியாகவே கூப்பிட்டிருக்கிறாய். உனக்கு ஏன்தான் இவ்வளவு பெரிய மனசு? என் குழுவை அன்றோடு மூடினேன். இப்போது செய்திகளை உன் மகள் எழுதுகிறாள். போடுவதற்கு முன்னால் அந்த வீட்டுக்குப் போன் போடுவது என் வேலை. "நெருங்குன சொந்தத்துக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்கிறேன். சொந்தம் மட்டும் போதாது என்று, "பேச்சுவார்த்தை இல்லாதவங்க யாராவது இருக்காங்களா, அவங்களுக்கும் சொல்லிருங்க" என்று சேர்த்துக்கொள்கிறேன். சிலருக்கு அது பிடிப்பதில்லை.

கீழ்த்தட்டில் இருந்ததையெல்லாம் இன்று மூட்டை கட்டி வெளியே எடுத்துவிட்டேன். அப்பாவின் வழக்கத்தையும் விட்டுவிட்டேன். கோடி எடுக்க வருகிறவர்களை உட்கார வைத்து, யாருக்கு என்று கேட்கிறேன். எவ்வளவு அவசரம் என்றாலும் சேலையை வாசலுக்குக் கொண்டுபோய், வெளிச்சத்தில் பிடித்து, மடிப்பில் விரலை ஓட்டிக் காட்டித்தான் கொடுக்கிறேன். வருகிற எல்லோருக்கும் விரித்துக் காட்டுகிறேன். உனக்கு மட்டும் விரித்துக் காட்டவில்லை.