வரப்புன்னு கத்தாத அக்காவுக்கு

யக்கா, எப்படிக்கா இருக்க? முட்டி வலி விட்டுச்சா? நீ போயி சேந்த எடத்துல சேத்துல நிக்கிற வேலை இருக்காதுன்னு நெனைக்கிறேன். இருந்துச்சின்னா இந்நேரம் அங்கயும் நடவுக்கு ஆளுங்கள ஒரு கொத்தா சேத்து, நீயே தலைவியா நின்னுக்கிட்டு, எவளாவது நாத்த ஆழமா அமுக்குனா திட்டிக்கிட்டு இருப்ப. திட்டு. திட்டுனாத்தான் உனக்கு ஒடம்பு நல்லா இருக்குன்னு அர்த்தம்.

காலையில செருப்ப எடுத்து வாசல்ல தட்டுனேன். ஒரு கை மணலு கொட்டுச்சி. நம்மூரு மணலு இல்லக்கா, கடல் மணலு. தரங்கம்பாடி போயிட்டு வந்தேன். நாலு நாளாச்சி, இன்னும் செருப்ப விட்டுப் போவல. அத பாத்தோடன இனிமே தள்ளிப்போடக்கூடாது, அக்காகிட்ட சொல்லிப்புடணும்னு தோணுச்சி. எனக்குத்தான் எழுத்து வராதே. மருமவ கோமதி நோட்டும் கையுமா ஒக்காந்திருக்கு. நான் சொல்றேன், அது எழுதுது. "மாமா, சுத்தி வளைக்காம சொல்லுங்க, ஒரு நோட்டுதான் இருக்கு"ங்குது. அதுக்கு என்ன தெரியும்.

விசயம் இதுதான். யாருகிட்டயும் சொல்லாதன்னு நீ என்கிட்ட ஒண்ணு சொல்லிவச்சியே, அத நான் சொல்லிட்டேன். தரங்கம்பாடியில வச்சி சொல்லிட்டேன். ஏன் சொன்னேன்னு மொதல்லேர்ந்து சொல்றேன், கேட்டுட்டு அப்புறமா திட்டு.

நாலு வருசம் முன்னால, சம்பா நடவு சமயம். பள்ளிக்கூடத்து டீச்சரம்மா நம்ம நடவுக் கொத்துக்குன்னு பாஸ் குடுத்தாங்க. திருத்துறைப்பூண்டி கல்யாண மண்டபத்துல நாடகம், முழுக்க முழுக்க பாட்டு, நடிக்கிறது பூரா சின்னப் புள்ளைங்க, ஊரு ஊரா பஸ்ஸுல வர்றாங்கன்னாங்க. நீங்க இருவது பொம்பளைங்க, நான் ஒரு ஆம்பள. வரப்புல நின்னு நாத்துக்கட்ட முடி முடியா வீசுறவன் இல்லாம நீங்க எங்கதான் போயிருக்கீங்க. அன்னிக்கி நீ அந்தப் பச்சை சேலை கட்டியிருந்த. மண்டபத்துல ஏசி போட்டிருந்தான். நம்ம ஆளுங்க பாதிப்பேரு முந்தானைய இழுத்து தலையில போட்டுக்கிட்டு, காய்ச்சக்காரங்க மாதிரி ஒக்காந்திருந்தாங்க.

கதை என்னன்னா, காவேரி கோச்சிக்கிட்டு காணாமப் போயிருது. ஒரு பொண்ணு ஊர் ஊரா போயி "எங்க ஆத்த பாத்தீங்களா"ன்னு கேட்டுப் பாடுது. அந்தப் புள்ள பேரு யாழினி. எட்டு ஒம்போது வயசிருக்கும், ரெட்ட சடை, முன்பல்லு ஒண்ணு இல்ல. கொரலு இருக்கே, மதகு தெறந்தா வர்ற மொதத் தண்ணி மாதிரி. ஆறுன்னா நீளமா ஒரு நீலத் துணி, ஆளுக்கொரு பக்கம் புடிச்சி ஆட்டுனாங்க. மொதல்ல நம்ம பொம்பளைங்க சிரிச்சாங்க. ஆறு காணாமப் போற எடத்துல அந்தத் துணிய ஒரு பையன் சரசரன்னு சுருட்டிக்கிட்டு ஓடுனான் பாரு, ஒருத்தியும் சிரிக்கல. அது நமக்குத் தெரிஞ்ச விசயம்ல.

கடைசியில ஆறு திரும்பி வந்துருது. தரை பூரா நீலத்துணிய விரிச்சிட்டாங்க. எல்லாப் புள்ளைங்களும் வரிசையா குனிஞ்சி நடவு நட்டுக்கிட்டே பாடணும். யாழினி நடுவுல. நம்மளப் பாத்து, முன்னால முன்னால நட்டுக்கிட்டே வருதுங்க.

உனக்குப் பொறுக்கல. எனக்கும்தான் உறுத்துச்சி, ஆனா நான் வாய மூடிக்கிட்டு இருந்தேன். நட்டுட்டு முன்னால வந்தா நட்டதுமேலயே கால் வைக்கணும். எந்த ஊருலயாவது அப்படி உண்டா? பின்னால போயிக்கிட்டேல்ல நடணும். நீ எந்திரிச்சே நின்னுட்ட.

"ஏ புள்ள, மிதிக்கிற பாரு. பின்னால போடி. பின்னால போயி நடு."

மெதுவாவா சொன்ன? நாலு வயலு தள்ளி நிக்கிறவளுக்கு கேக்குற கொரல்ல சொன்ன. மண்டபமே சிரிச்சிச்சி. நம்ம கொத்துப் பொம்பளைங்களும் சேந்துதான் சிரிச்சாங்க. பின்னாலேர்ந்து ஒருத்தர், "ஒக்காரும்மா, இது ஒன் வயலு இல்ல"ன்னாரு. மத்தப் புள்ளைங்க பாடிக்கிட்டே இருந்துச்சிங்க. யாழினி மட்டும் நிமுந்துச்சி. வாய் தெறந்திருக்கு, பாட்டு வரல. அப்புறம் உள்ள ஓடிருச்சி. மீதிய வேற புள்ள பாடி முடிச்சிச்சி. கடைசியில எல்லாரும் வந்து கும்புட்டாங்க, அது மட்டும் வரல.

திரும்புறப்ப பஸ்ஸு ஏறுனோம். போண்டா வாங்கிக் குடுத்தேன், மடியில வச்சிக்கிட்டே வந்த. எண்ணெ சேலையில ஊறிருச்சி. "என்னக்கா, சின்னப் புள்ளதான, நாளைக்கி மறந்துரும்"னேன்.

"மறக்காதுடா. நான் பன்னெண்டு வயசுல நடவுல பாடுனேன். 'வாய மூடிக்கிட்டு நடு'ன்னு வரப்புல நின்ன வயலுக்காரரு ஒரே ஒரு வார்த்ததான் சொன்னாரு. மூணு வருசம் எனக்குப் பாட்டு வரல. இன்னிக்கி வரப்புல நின்னது நானு."

இருவது வருசமா உனக்கு நாத்து முடி வீசியிருக்கேன், அன்னிக்கித்தான் இத மொதமொதல்ல கேட்டேன்.

அடுத்த ஆட்டம் மறுநாள் விட்டு மறுநாள் மன்னார்குடியிலன்னு டீச்சரம்மாகிட்ட நீயே கேட்டு வச்சிருந்த. "வண்டிய எடு"ன்ன. என் மொபட்டு அப்ப இருந்த நெலமைக்கி ஆளையும் வச்சிக்கிட்டு அவ்ளோ தூரம் போவுறதே பெரிசு. கோட்டூர் தாண்டி ரெண்டு தடவ நின்னுச்சி. ரெண்டு தடவையும் நீ எறங்கி வண்டியத் திட்டுன. ரெண்டாவது தடவ திட்டுன ஒடனே கெளம்பிருச்சி, அதுவும் உனக்குப் பயந்த வண்டிதான். இத சொன்னா கோமதி சிரிக்குது. நெசம்மா, எழுது.

மன்னார்குடி மண்டபத்துக்குப் பின்னாடி புள்ளைங்க வரிசையா ஒக்காந்து தயிர்சாதம் சாப்புட்டுக்கிட்டு இருந்துச்சிங்க. யாழினி உன்னையப் பாத்ததும் தட்ட கீழ வச்சிருச்சி. நீ மன்னிப்புக் கேப்பன்னு நெனச்சேன். நீயா கேப்ப. சம்மணம் போட்டு அது பக்கத்துல ஒக்காந்து, "அன்னிக்கி பாட்டு பாதிதான் கேட்டேன். மீதி என்னான்னு தெரியாம ரெண்டு நாளா தூக்கம் வரல, அதான் வந்தேன்"ன்ன.

அது உன்னைய நல்லா பாத்துச்சி. "நீங்கதான என்னைத் திட்டுனீங்க?"

"திட்டல. நீ மிதிச்ச, எனக்கு வலிச்சிச்சி."

"துணிதான?"

"உனக்குத் துணி. எனக்கு நாத்து."

அதுக்குள்ள அவங்க மிஸ் வந்துட்டாங்க, நாடகம் சொல்லித்தர்றவங்க. யாழினி ரெண்டு நாளா ஒத்திகையில அந்தப் பாட்டப் பாடமாட்டேங்குது, இன்னிக்கி வேற புள்ளயப் போடப்போறோம்னாங்க. உன் மூஞ்சி செத்துப்போச்சி. ஆனா கோவமா பேசல அவங்க. "அம்மா, நீங்க சொன்னது சரிதான். ஆனா பாட்டு ஏற ஏற புள்ளைங்க ஜனங்க பக்கம் முன்னால வரணும். பின்னால போனா பாட்டு எறங்கிப்போவும்"னாங்க. நீ "பின்னாலதான் போவணும்"ங்குற, அவங்க "முன்னாலதான் வரணும்"ங்குறாங்க. தாவா தீராது போலருக்கேன்னு நான் நிக்கிறேன்.

அப்பத்தான் யாழினி சோத்துக் கைய நக்கிக்கிட்டே சொல்லிச்சி. "மிஸ், நாங்க அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு நட்டா? அப்ப பின்னால வந்தாலே முன்னால வந்த மாதிரிதான?"

நான் அசந்துட்டேன் யக்கா. ஏன்னா நான் இருவது வருசமா பாக்குறது அதுதான். வரப்புல நிக்கிறவனுக்கு உங்க முதுகுதான தெரியும். இருவது முதுவும் கொஞ்சம் கொஞ்சமா என்னைய நோக்கி வரும். வரப்புக்கிட்ட வந்து எல்லாரும் நிமுந்து திரும்புனாத்தான் மூஞ்சியே தெரியும். பட்டணத்துல பொறந்த புள்ள, தயிர்சாதம் திங்கிறப்ப அத கண்டுபுடிச்சிருச்சி.

மிஸ்ஸுக்கு ஆசைதான், ஆனா பயம். மேடை இடுப்பு ஒசரம். குனிஞ்சிக்கிட்டு பின்னால வர்ற புள்ளைங்க ஓரத்த தாண்டி விழுந்துட்டா? கோடு போடலாம்னா, துணிக்கு அடியில கோடு தெரியாது. நீ சொன்ன, "வயல்ல நாங்க என்ன பண்றோம்? வரப்பு கிட்ட வந்துச்சின்னா ஒருத்தி 'வரப்பு'ன்னு கொரலு குடுப்பா, எல்லாரும் நின்னுருவோம். நான் மேடைக்கு கீழ ஒக்காந்து கத்துறேன். கத்தித்தான கெடுத்தேன்."

யாழினிகிட்ட மிஸ் கேட்டாங்க, "பாடுறியா?" அது உன்னையக் கேட்டுச்சி, "கரெக்டா கத்துவீங்களா?" நீ அது தலையில கை வச்சி, "கத்துவேன்"ன்ன.

சாயங்காலம் ஆட்டம். நீ மொத வரிசையில, நான் உனக்குப் பின்னால. எல்லாம் நல்லாப் போச்சி. நடவு வந்துச்சி. புள்ளைங்க எல்லாம் முதுக காட்டி குனிஞ்சிச்சிங்க. யாழினி பாட ஆரம்பிச்சிச்சி. மூஞ்சி தெரியல, கொரலு மட்டும் வருது. ரெண்டு நாளா பாடாத புள்ள பாடுதே அந்தப் பாட்டு. ஒரு அடி பின்னால. ரெண்டு அடி. பாட்டு ஏறுது. இன்னும் ஒரு அடி. நீ கத்தல. நான் உன் பக்கவாட்டப் பாத்தேன். அந்தப் புள்ளயோட குதிகாலு மேடை ஓரத்துக்கு வந்துருச்சி, நீ கத்தல.

நான் கத்துனேன். "வரப்பு!"

எல்லாப் புள்ளைங்களும் சடக்குன்னு நின்னுச்சிங்க. யாழினி நிமுந்து திரும்பி, பல்லு இல்லாத வாயோட கடைசி அடியப் பாடுச்சி. பின்னால ஒக்காந்திருந்த பொம்பளைங்க யாரோ குலவை போட, மண்டபம் பூரா குலவை. என் சத்தத்தையும் நாடகத்துல ஒண்ணுன்னு நெனச்சி கை தட்டுனாங்க.

திரும்பி வர்றப்ப மொபட்டுல பின்னாலேர்ந்து என் முதுவுல குத்துன. "நான் கத்த வாயத் தெறந்தேன், நீ முந்திக்கிட்ட. நான் மறந்துட்டேன்னு எவகிட்டயாவது சொன்ன, வரப்புல நிக்கவுடமாட்டேன்." நான் சொல்லலக்கா. கொத்துல, டீக்கடையில, எத்தன தடவ இந்தக் கதைய சொல்லியிருக்கேன்? எல்லாத் தடவையும், "அக்கா போட்டா பாரு ஒரு சத்தம்"னுதான் சொன்னேன். போன தை மாசம் நீ போயி சேந்தப்ப கூட, எழவுக்கு வந்தவங்ககிட்ட அப்படித்தான் சொன்னேன்.

அதுக்கப்புறம்தான் இந்தத் தரங்கம்பாடி. அதே நாடகம் திரும்ப சுத்துதுன்னு டீச்சரம்மா சொன்னாங்க. நாகப்பட்டணத்துல பஸ்ஸு மாறி போனேன். கோட்டைக்குப் பக்கத்துல தெறந்த வெளியில மேடை. கடல்காத்துல ஆறு நிக்கமாட்டேங்குது, துணி பறந்து மொத வரிசை ஆளுங்கள மூடிருச்சி. ஆறு கடல்ல வந்து சேர்ற சீமைல்ல, கடல் பண்ற வேலை அது. நடவு எடம் வந்துச்சி பாரு. புள்ளைங்க அதே மாதிரி முதுக காட்டித்தான் நடுதுங்க. மிஸ் இப்ப ஒவ்வொரு ஊருலயும் அந்த ஊரு பொம்பள ஒருத்தியக் கூப்புட்டு கீழ ஒக்கார வைக்கிறாங்களாம், கொரலு குடுக்க. அங்க ஒரு மீன் விக்கிற அம்மா. வரப்ப கண்டாங்களா அவங்க? கிட்ட வந்தோடன "கரை வந்துருச்சி, கரை"ன்னாங்க. புள்ளைங்க நின்னுச்சிங்க. நீ இருந்தா அந்த அம்மாகிட்ட ஒரு சண்டை போட்டிருப்ப.

யாழினி இப்ப வளந்துருச்சிக்கா. பல்லு மொளச்சிருச்சி. பெரிய புள்ள, இப்ப நாடகத்துல அது காவேரி ஆறா வருது. ஆட்டம் முடிஞ்சி பின்னால போனேன். என்னையப் பாத்தோடன, "நீங்க வரப்பு தாத்தால்ல?"ன்னிச்சி. தாத்தாவாம். எனக்கு என்ன வயசாச்சி. "அந்தப் பாட்டி எங்க?"ன்னு கேட்டுச்சி. சொன்னேன். கொஞ்ச நேரம் செருப்பால மணல கிண்டிக்கிட்டு நின்னுச்சி.

அப்புறம் கேட்டுச்சி. "அன்னிக்கி கத்துனது ஆம்பள கொரலு. கத்துறேன்னு சொல்லிட்டு அவங்க ஏன் கத்தல? என்மேல கோவம் போவலையா?"

நாலு வருசமா அத வச்சிக்கிட்டு இருந்திருக்குக்கா. நான் என்ன செய்ய. ஊருக்குச் சொல்ற கதைய அதுகிட்டயும் சொல்லலாம், நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சி. ஆனா அத சொன்னா ஊருக்கு நீ பெரியாளு, அது மனசுல கோவக்காரியாவே இருந்துருவ. ஊருல பேரா, இந்தப் புள்ள மனசா, எது உனக்குப் பெரிசுன்னு யோசிச்சேன். சொல்லிட்டேன்.

"கோவம் இல்லடா கண்ணு. எங்க அக்கா நீ பாடுனத கேட்டுக்கிட்டு இருந்தா. கத்தணும்கிறதே மறந்துட்டா."

அது என்னையப் பாத்துச்சி. மெல்ல சிரிப்பு வந்துச்சி. "அப்ப நல்லாத்தான் பாடியிருக்கேன்"ன்னிச்சி. சொல்லிட்டு, யாரோ நீட்டுன சுண்டல வாங்கிக்கிட்டு மத்தப் புள்ளைங்களோட ஓடிருச்சி.

திட்டுறதா இருந்தா திட்டு. ஆனா இனிமே கொத்துலயும் நான் இப்படித்தான் சொல்லப்போறேன், அக்கா மறந்துட்டான்னுதான் சொல்லுவேன். அதுல உனக்கு ஒரு கொறையும் இல்ல. மண்டபத்துல அத்தன பேரு கேட்டாங்க, கை தட்டுனாங்க, வீட்டுக்குப் போனாங்க. வேலையையே மறந்து கேட்டவ நீ ஒருத்திதான். அன்னிக்கி உன் பக்கவாட்டப் பாத்தேன்னு சொன்னேன்ல, என்ன பாத்தேன்னு உங்கிட்டக்கூட சொன்னதில்ல. வாய் பாதி தெறந்திருந்துச்சி, ரெண்டு கையும் மடியில மல்லாந்து கெடந்துச்சி, பன்னெண்டு வயசுப் புள்ள மாதிரி நீ... யாருடா அது? வாய்க்கா ஒடைஞ்சிருச்சா? எங்க, தெக்கு மடையிலயா? வர்றேன், மம்பட்டிய எடு. கோமதி, நோட்ட மூடிறாத, அக்காவோட அந்த மூஞ்சிய நான் வந்து சொல்றேன்.