சொல்லப்படவில்லை

என்னங்க,

ஆங்கிலத் தேர்வில் நான்காம் முறையும் வாசிப்பில்தான் கோட்டை விட்டேன். அதில் தேறினால்தான் இந்த வெளிநாட்டில் நர்ஸ் வேலை. இல்லாவிட்டால் இதே முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்பு மாற்றும் ஆயாதான்.

சாப்பாட்டு இடைவேளையில் துணி துவைக்கும் அறையில் உட்கார்ந்து பயிற்சித்தாள் எழுதுகிறேன். போன வாரம் புண்ணுக்குக் கட்டுப் போடுவதைப் பற்றி ஒரு பத்தி; கீழே உள்ள ஆறு வாக்கியங்களும் அதன்படி சரியா தப்பா என்று எழுத வேண்டும். ஊரில் பதினோரு வருஷம் கட்டுப் போட்ட எனக்கு ஆறில் இரண்டுதான் சரி. வீடியோவில் பாடம் எடுக்கும் நம்மூர் டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். "உங்களுக்குத் தெரிஞ்சத எழுதாதீங்கம்மா! பத்தியில இருந்தா சரி, மாறி இருந்தா தப்பு, இல்லவே இல்லைன்னா 'சொல்லப்படவில்லை'. அவ்வளவுதான்."

நேற்று உங்கள் கடிதத்தையும் அப்படியே படித்துப் பார்த்தேன். மாடி கட்டும் வேலை பாதியில் நிற்கக் கூடாது: சரி. ஐந்தாம் முறைக்கும் என் பெயரைக் கொடுத்துவிட்டீர்கள்: சரி. பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது, அதுவும் சரி.

'முடியலைன்னா வந்துடு' என்று எங்காவது இருக்கிறதா என்று மூன்று முறை தேடினேன்.

எனக்குத் தெரிந்த நீங்கள் அதை எழுதியிருப்பீர்கள். ஆனால் தெரிந்ததை வைத்து விடை எழுதக் கூடாதாம்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா