மூணு நாள் தோல் ஒரே நாளில்

மார்ச் 4, செவ்வாய்
விடியவே மழை. தம்பி சடலத்தை எடுத்து இன்னிக்கு நாலாம் நாள். வேலைக்கு வந்துட்டேன், வீட்ல இருந்தா பைத்தியம் பிடிக்கும். பசியாறல.

ஃபேக்டரியில அன்னாசித் தோல்ல கேஸ் எடுக்கிற தொட்டிப் பக்கம் போனதுமே புளிச்ச வாடை. பி.எச். 5.6, புளிப்பு ஏறிப் போச்சு. ஏழு இருக்கணும். கேஸ் அடுப்பு பத்தவே இல்ல. ஐயோ.

நான் இல்லாத மூணு நாளா சேர்ந்த அன்னாசித் தோல் முழுக்க நேத்து ஒரேயடியா உள்ளே. கொட்டினது லோரி ஓட்டுற முனியாண்டி அண்ணே. "நீ வந்தா வேல குவிஞ்சு கெடக்கக்கூடாதுன்னுதாம்மா..."

கத்திட்டேன். "உள்ள இருக்கிற கிருமியெல்லாம் உயிர்ணே! தெனம் கொஞ்சங் கொஞ்சமா குடுக்கணும். மொத்தமா கொட்டினா செத்துரும்லா!"

தொப்பியைக் கழட்டிக் கையில வச்சிக்கிட்டு நின்னார்.

மார்ச் 5, புதன்
புளிப்பை முறிக்கச் சுண்ணாம்பு 2 மூட்டை கலக்கியாச்சு. தீனி நிறுத்தம். மேனேஜர்: "வெள்ளி வரைக்கும் பாப்போம். சரியாகலன்னா தொட்டிய மூடிரலாம். தோல் குப்பைமேட்டுக்குப் போகட்டும்."

ஆறு வருஷமா நான் வளர்த்தது.

அண்ணே மேருவுல இருக்கிற மாட்டுக்கொட்டகைக்குப் போய் நாலு டோங் நிறைய சாணி கொண்டாந்தார், தொட்டியில புதுக் கிருமி சேர. வாங்கிக் கொட்டிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

மார்ச் 6, வியாழன்
5.9. கொஞ்சம் நம்பிக்கை.
வாங்க: கையுறை, பி.எச். தாள், கறுப்புப் பை (தம்பி வீட்டைக் காலி பண்ண).

மார்ச் 7, வெள்ளி
5.5. அடுப்பு பத்தல. தொட்டியைக் காலி பண்ண திங்கள் பம்ப் லோரி வருதாம். அண்ணே ஓரமா நின்னு கண்ணைத் துடைச்சார். பார்த்தும் பார்க்காத மாதிரி வந்துட்டேன். எனக்குக் கல்நெஞ்சு.

மார்ச் 8, சனி
சாலாக் செலாத்தான்ல தம்பி ஃபிளாட். ஐஸ்பெட்டி நிறைய நான் கொண்டு வந்த டப்பாக்கள். கோழிப் பிரட்டல், பருப்பு, ரசம். பாதி திறக்கவே இல்ல, பூஞ்சணம். மூடியில என் கையெழுத்து: திங்கள், செவ்வாய், புதன்.

மாசம் ஒரு தடவை வருவேன். மொத்தத்தையும் அடுக்கிட்டு, "சாப்பிடுடா"ன்னுட்டு ஓடிருவேன். கிள்ளான்லருந்து ஒரு மணி நேரம்தான்.

பக்கத்து வீட்டு ஆன்டி: "தெனம் சாயங்காலம் கீழ பெஞ்சுல ஒக்காந்திருப்பாரும்மா. யாராச்சும் பேச்சுக் குடுத்தா விடவே மாட்டாரு."

தரையில உட்கார்ந்து அழுதேன்.

மார்ச் 10, திங்கள்
ஒன்பது மணிக்கு லோரி. தொட்டி காலியாக மத்தியானம் ஆச்சு. நானும் அண்ணேயும் கடைசி வரை நின்னோம்.

"அண்ணே, அன்னைக்கு ஏசினதுக்கு மன்னிச்சிருங்க."

"நீ சொன்னது சரிதானம்மா. தெனம் கொஞ்சமா குடுத்திருக்கணும். எனக்குத் தெரியாமப் போச்சு."

"எனக்குத் தெரியும்ணே. தெரிஞ்சும் நான் குடுக்கலயே"ன்னேன்.