பச்சைப் பலகை போட்ட கிணறு

சிவமயம்

மானிப்பாய்
22.01.2026

என் செல்லப் பிள்ளை சாருஜாவுக்கு அம்மா எழுதுவது,

மருதடிப் பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம். நீயும் அந்த நெதர்லாந்துக் குளிருக்குள் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கவேணும் என்று அவரிடமே சொல்லிவிட்டு வந்துதான் பேனை எடுத்தேன். கடிதம் எழுதி எத்தனையோ வருசம், எழுத்துக் கோணல்மாணலாக இருந்தால் குறை நினைக்காதே. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். இந்தக் கிழமை மூன்று தரம் எடுத்தேன், உன் முகத்தைக் கண்டதும் மூன்று தரமும் சொக்ஸ் போட்டியோ, சோறு காய்ச்சினியோ என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். எழுதி முடிந்ததும் படம் எடுத்து உனக்கு அனுப்புவேன், தபாலில் போட்டால் கிழமைக்கணக்காகும், அதுவரை பொறுக்க ஏலாது. நான் எழுதுவது அப்பாவுக்குத் தெரியாது. ரெயினில் நின்றுகொண்டு வாசிக்காதே, ஓரிடத்தில் இருந்து வாசி.

எங்கள் பின் வேலிக்கு அங்கால் ஒழுங்கையில் இருக்கிற கோபிசங்கரின் மகள் ஆரணி, உன் நெதர்லாந்துச் சினேகிதிகளின் தலைமயிரைப் பிடித்து இழுத்து விளையாடினாளே, அந்த நாலு வயதுக் குஞ்சு, பதினொரு நாளாக யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில். காய்ச்சலும் வயிற்றோட்டமும். கையில் ஊசி குத்த நரம்பு பிடிபடவில்லை என்று காலில் குத்தியிருக்கிறார்கள். அந்த ஒழுங்கையில் இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கு இப்போது அதே வருத்தம். டொக்டர் எங்கே தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டாராம், தாய் ஜெசிதா பெருமையாகச் சொல்லியிருக்கிறாள், வெளிநாட்டுப் பிள்ளைகள் சோதித்துப் பச்சைப் பலகை போட்ட கிணற்றுத் தண்ணீர் என்று. அதோடு அவர் வேறு பக்கம் விசாரிக்கத் தொடங்கிவிட்டார். கடைசியில் சந்தையடியில் தகப்பன் வாங்கிக் கொடுத்த ஐஸ்பழத்தில் பழி விழுந்தது. ஆஸ்பத்திரித் தண்ணீரில் நம்பிக்கை இல்லையென்று ஜெசிதா காலமையில் எங்கள் குழாயில் ஒரு பெரிய போத்தல் நிரப்பிக்கொண்டுதான் பஸ் ஏறுகிறாள். அந்தப் பிள்ளைக்குப் பருக்குவது அதைத்தான்.

சாரு, அந்தத் தண்ணீர் கூடாது. அதைக் கூடாமல் ஆக்கினது நான். இதை எழுத எனக்கு இரண்டு நாள் எடுத்தது.

போன ஆவணியில் உன்னோடு கம்பஸில் படிக்கிற பிள்ளைகளும் நெதர்லாந்துப் பிள்ளைகளுமாக ஊர்க் கிணறுகளைச் சோதிக்க வருகிறோம், இரண்டு பெட்டைகள் எங்கள் வீட்டில்தான் தங்குவார்கள் என்று நீ சொன்ன நாளிலிருந்து எனக்கு ஒரே அந்தரம். வெள்ளைக்காரப் பிள்ளைகள் எங்கள் பழைய குந்துகிற கக்கூசில் என்ன செய்வார்கள் என்று யோசித்து யோசித்து, நீ விடுதியில் இருந்த நேரம் பார்த்து, குசினிக்குப் பக்கத்தில் கொமட் வைத்துப் புதிது கட்டுவித்தேன். கண்டறியாத கொமட். அதன் மலக்குழியைப் பின் வேலியோரம் வெட்டத்தான் மேசன் தனோஜன் தொடங்கினான். மூன்றடியில் கல்லு. உடைக்க ஒரு கிழமையாகும் அன்ரி என்றான். நீங்கள் வர நாலு நாள் இருந்தது. கிணற்றடிப் பக்கம் மண் இளக்கமாக இருக்கு, அங்கே வெட்டு என்றது நான்தான். கிணற்றுக்குக் கிட்ட வெட்டக்கூடாதெல்லே அன்ரி என்று அவன் இரண்டு தரம் சொன்னான். உனக்குக் கூலி தருகிறது நானோ கிணறோ என்று வாயடித்து அவனை அடக்கினேன். குழி மூடின பிறகு நானே அடியளந்து பார்த்தேன், பதினாறு அடி. மேலே சீமெந்து பூசி, குரோட்டன் சாடிகளை வரிசையாக வைத்துவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்பார்கள், நான் பூச்சாடியில் மறைத்தேன்.

நீ படிவத்தோடு வந்து, அம்மா குழி எங்கே என்று கேட்டாய். பக்கத்தில் அந்த இரண்டு பெட்டைகளும் பென்சிலோடு என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஊரெல்லாம் குழியைக் கிணற்றுக்குக் கிட்ட வைக்கிறார்கள் என்று முதல் நாள் முழுக்கத் திட்டித் தீர்த்தவள் நீ. உன் தாயும் அப்படித்தான் என்று அவர்களுக்கு முன்னால் எப்படிச் சொல்ல. பின் வேலியைக் கை நீட்டிக் காட்டினேன். நீ அளவுநாடா பிடித்து அளந்தாய், அறுபத்துநாலு அடி. தாய் சொன்னதை யார்தான் கிண்டிப் பார்ப்பார்கள். அப்போது குழி புதிது, கோடை, தண்ணீரிலும் ஒன்றும் இல்லை. சுற்றவர எல்லாக் கிணற்றுக்கும் சிவப்பும் மஞ்சளும், எங்களுக்கு மட்டும் குடிக்கலாம் என்ற பச்சை. அறுபத்துநாலு அடி என்று பலகையில் எழுதிக் கிணற்றுக் கட்டுச் சுவரில் பூட்டினீர்கள். பின் வேலியில் தண்ணீர்த் தாங்கியும் குழாயும் வைத்து, மோட்டரால் ஏற்றி, ஒழுங்கையில் எட்டுக் குடும்பத்துக்குத் தண்ணீர் விட்டீர்கள். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை என்னவென்று சொல்ல.

கார்த்திகை மழைக்கு முற்றம் முழங்கால் வெள்ளம். வடிந்த பிறகு தண்ணீரில் ஒரு வாடை. நாங்கள் எப்போதும் காய்ச்சிக் குடிக்கிற ஆட்கள், அதனால் எங்களுக்கு ஒன்றும் இல்லை, நானும் மழைத் தண்ணியின் மணம் என்று பேசாமல் இருந்துவிட்டேன். ஆரணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றுதான் நீ விட்டுப்போன சோதனைப் போத்தல் இரண்டும் ஞாபகம் வந்தது. நீ சொல்லித் தந்தபடி நிரப்பி வைத்தேன். கழிவு கலந்திருந்தால் கறுக்கும் என்று சொன்னாயே, இரண்டும் அடுத்த நாளே கறுத்துவிட்டது.

அப்பாவிடம் காட்டினேன்.  அவர் குழியை இறைப்பித்து, புதுக் கக்கூசைப் பூட்டுப் போட்டு மூடி, கிணற்றுக்குக் குளோரின் போட்டார். கல்லுக்குள் இறங்கினது இறங்கினதுதான், நாலு நாளில் திரும்பவும் வாடை. ஒழுங்கைச் சனமோ தண்ணி கைக்குது, மருந்து போட்டு எங்களை விரட்டப் பாக்கினம் என்று கதைத்திருக்கிறது. அப்படி அவர்கள் நினைத்தால் அதில் பிழையும் இல்லை. அப்பாவின் தகப்பன் காலத்தில் அந்தச் சனத்தை இந்தக் கிணற்றில் வாளி போட விட்டதில்லை, யாராவது அள்ளி ஊற்ற, கட்டுக்கு வெளியே நின்று ஏந்திக்கொண்டு போவார்கள். பிறகு அவர்கள் கேட்டதுமில்லை, நாங்கள் கூப்பிட்டதுமில்லை. நீதான் அப்பாவோடு இரண்டு நாள் சண்டை பிடித்துக் குழாய் வைப்பித்தாய். இப்போது அதே வீட்டு வாய் அள்ளவேண்டாம் என்றால் அவர்கள் காதில் எது விழும் சொல்லு. பொங்கலுக்கு முதல் நாள், கொஞ்ச நாளைக்கு இந்தத் தண்ணீர் வேண்டாம் என்று போய்ச் சொன்னேன். கோபிசங்கர், ஓம் அன்ரி, உங்கடை கிணறு, உங்கடை விருப்பம் என்றான். முகத்தைப் பார்க்க ஏலவில்லை.

பிறகு ஜெசிதாவைத் தனிய மறித்து உள்ளதைச் சொன்னேன். குழி எங்கே இருக்கிறது என்றும் சொன்னேன், கறுத்த போத்தலையும் காட்டினேன். அவள் நின்று கேட்டுவிட்டு, அன்ரி, தர விருப்பமில்லை எண்டால் நேரே சொல்லுங்கோ, உந்தக் குழிக் கதை எதுக்கு, உங்கடை மகள் அளந்து எழுதினது பொய்யோ என்றாள். அவளுக்கு உன்னில் அவ்வளவு நம்பிக்கை. 

முந்தநாள் அப்பா மோட்டர் சுவிச்சை நிற்பாட்டிவிட்டார். விடிய கோபிசங்கர் முன் படலையைத் திறந்துகொண்டு வந்தான், கையில் தன் வாளியும் கயிறும். நேரே கிணற்றடிக்குப் போய் வாளியை விட்டு அள்ளி, ஒரு கை தண்ணீரை ஏந்தி, என் முகத்தைப் பார்த்தபடி குடித்தான். அவன் வீட்டு ஆள் ஒருவர் அந்தக் கிணற்றில் வாளி போட்டது அதுதான் முதல் தரம். தடுத்தாலும் பாவம், விட்டாலும் பாவம், கல்லுப்போல நின்றேன். அப்பா போய்ச் சுவிச்சைத் திரும்பவும் போட்டுவிட்டார். சாருவின் படிப்பு, ஊர்ச் சனத்தின் வாய், பேசாமல் இரு என்கிறார். அவரும் சாப்பிடுவதில்லை.

அடுத்த மாதம் நாலு கம்பஸ் ஆட்களுக்கு முன்னால் நீ இந்தக் கிணற்றைப் பற்றித்தான் கதைக்கப் போகிறாய் என்று தெரியும். அந்தப் பேச்சில் மண் போடுகிறது உன் தாய். எனக்குச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை பிள்ளை, மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை. இந்த ஊரில் யார் சொல்லியும் அவர்கள் நம்பப் போவதில்லை, நீ சொன்னால் மட்டும் நம்புவார்கள். ஜெசிதாவுக்குப் போன் எடு. முகம் தெரிய எடு. அறுபத்துநாலு அடி பிழை, என்ரை அம்மா எனக்குப் பொய் சொன்னவ எண்டு சொல்லு. அப்படியே சொல்லு. அம்மா பாவம், தெரியாமல் செய்தவ என்று ஒரு சொல்லும் சேர்க்காதே. சேர்த்தால் அதையும் பூசி மெழுகல் என்றுதான் நினைப்பார்கள். பிறகு உன் வாத்திமாரிடம் சொல்லு.

பிள்ளையார் உனக்குத் துணை. நீ ஒரு குறையுமில்லாமல் இருக்கவேணும். அழுதுகொண்டு பட்டினி கிடக்காதே, இரண்டு வாய் சாப்பிடு. எனக்கு எடுப்பது பிறகு பார்க்கலாம், நீ எடுக்காமல் விட்டாலும் நான் குறை சொல்லமாட்டேன்.

மறந்துபோகாதே, ஜெசிதா போத்தலோடு குழாயடிக்கு வருவது விடிய ஆறரைக்கு. அங்கே அப்போது சாமம் இரண்டு மணி. இன்றைக்கு அவள் எடுக்காவிட்டால், அந்த நேரம் எழும்பி எடு.

உன் அம்மா,
உதயகலா