இடப்பக்கம் இழுக்கும் விமானம்

பெங்களூர்
14.7.96

அன்புள்ள ஆராயிக்கு,

நான் சுகம். அங்கே சாரல் தொடங்கியிருக்கும். உன் இருமல் தணிந்ததா?

நேற்று இங்கே ஒரு வேடிக்கை. நாங்கள் கம்ப்யூட்டரில் செய்திருக்கும் பயிற்சி விமானத்தை ஓட்டிப் பார்க்க, சேலத்துக்காரரான பைலட் தங்கராஜ் வந்தார். நிஜமான சின்ன விமானம் ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது இடப்பக்கம் இழுக்கும். வலது கால் பெடலை அழுத்தி நேராக்க வேண்டும். பழக வந்த பிள்ளைகள் திணறினார்கள். முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்த புத்தி, இங்கே நான் போட்டுக்கொடுக்கும் கணக்கில் அந்த இழுப்பைப் பாதியாகக் குறைத்துவிட்டேன்.

"ஏனுங்க வாத்தியாரே, பாவம் பாத்து மார்க் போடறதுக்கு இது பள்ளிக்கூடமுங்களா? இதுல பழகுனவன் நெசத்துல நேரா வேலிக்குள்ளதான் போவான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். உடனே திருத்திவிட்டேன்.

அறைக்கு வந்தால் உன் கடிதம். ஆடிப் பதினெட்டன்று நம்மூர் வெள்ளக்கடையிலிருந்து மலை ரோட்டில் ஒண்டிக்கடைக்குத் தனியாக மொபெட்டில் போகப்போவதாக எழுதியிருக்கிறாய்.

ஆராயி, மொபெட் பழக்கியபோது மைதானத்தில் "உட்டுட்டேன், நீயேதான் ஓட்டற" என்று நான் கத்தியதெல்லாம் பொய். பின்னாலேயே ஓடி, கேரியரைப் பிடித்திருந்தேன். ஒருநாளும் கையை எடுக்கவில்லை. நீ விழுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இங்கே கிளம்பி வரும்போதாவது சொல்லியிருக்க வேண்டும்.

மலை ரோட்டுக்கு இப்போது போகாதே. உன் தம்பி சித்தனை மைதானத்தில் நிற்கச் சொல். பிடிக்க மட்டும் விடாதே.

காப்பித்தூள் கொஞ்சம் அனுப்பு. பழக்கத்தில் இரண்டு டம்ளர் போட்டுவிடுகிறேன், சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. என்மேல் கோபம் இருந்தாலும், எத்தனை தடவை விழுந்தாய் என்று மறைக்காமல் எழுது.

உன்,
வெள்ளையன்